வெட்டாமல் கல் கரையுமா?

(ஒலுவிலில் நடந்த எமது சங்கக் குடும்ப ஒன்றுகூடலில், சுகாதாரக் குழுவின் சார்பில் பேசப்பட்ட உரை. வர முடியாத அங்கத்தவர்கள் வாசிப்பதற்காக இங்கே அச்சிடுகிறோம்.)



மலையிலிருந்து விடிய முன் பஸ் ஏறி இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். தோட்டத்து லயத்திலிருந்து இங்குள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த எங்கள் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வந்த தாய் தகப்பன்மார் இருக்கிறார்கள். வயலிலும் கரும்புத் தோட்டத்திலும் நெல் ஆலையிலும் பாடுபடும் இந்தப் பக்கத்து உறவுகளும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வழக்கமாக மேடை ஏறினால் சம்பளம், பேர், வீடு, காணி என்றுதான் பேசுவோம். இந்த முறை பித்தப்பைக் கல்லைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்துக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். சுற்றி வளைத்து அங்கேயும் வந்து சேருவோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. அங்கத்தவர்களோடு கிளினிக்குக்கும் வாட்டுக்கும் கூடப் போய் நிற்பவர்கள், வைத்தியர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி வைப்பவர்கள், அச்சில் வந்ததைத் தேடி வாசிப்பவர்கள். உங்களுக்கு என்ன மருந்து என்று தீர்மானிப்பது உங்கள் வைத்தியர்தான். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

சங்கக் காரியாலயத்துக்கு வருகிறவர்கள் ஸ்கேன் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு முதலில் கேட்பது இதுதான்: "வெட்டாமக் கரைக்க ஏலாதா?" பொகவந்தலாவை அக்காவும் இதைத்தான் கேட்கிறார், அக்கரைப்பற்று ராத்தாவும் இதைத்தான் கேட்கிறார். கேள்வியில் பிழை இல்லை. ஆனால் அதற்கு ஒரே பதில் கிடையாது. சிலருக்கு வெட்டவும் வேண்டாம், கரைக்கவும் வேண்டாம். சிலருக்குக் குளிசையால் கரையலாம். சிலருக்கு எதைக் குடித்தாலும் கரையாது. இந்த மூன்றில் நீங்கள் எதில் சேர்த்தி என்று தெரியாமல் காசைச் செலவழிப்பதுதான் பிரச்சினை.

பித்தம் என்றால் நமக்குப் பல அர்த்தம். தலை சுற்றினாலும் பித்தம், வாய் கசந்தாலும் பித்தம் என்போம். நாட்டு வைத்தியம் சொல்லும் பித்தம் வேறு கணக்கு. இங்கே பேசுவது ஈரலில் ஊறும் பச்சை மஞ்சள் நீரைப் பற்றி. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் கொடுத்தவர்களுக்கும், தீபாவளிக்கு ஆடு அடித்தவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். ஈரலோடு ஒட்டிய சின்னப் பச்சைப் பையை உடையாமல் வெட்டி எடுப்போமே, உடைந்தால் கறியே கசந்துபோகுமே, அதுதான் பித்தப்பை. மனிதருக்கும் அதே இடத்தில், வலது விலாவுக்குக் கீழே, பேரிக்காய் வடிவத்தில் இருக்கிறது. ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை பித்தநீர் சுரக்கும். பை பிடிப்பது 30 முதல் 50 மில்லிலீற்றர் மட்டும்தான். அங்கே நீர் வற்றித் தடித்துக் கிடக்கும். எண்ணெய்ச் சாப்பாடு குடலில் இறங்கியதும் பை சுருங்கி, ஒரு மெல்லிய குழாய் வழியே குடலுக்குள் பித்தநீரைத் தள்ளும். தடித்துக் கிடக்கும் இடத்தில் மண்டி படிந்து, மண்டி இறுகினால் கல்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எங்களிடம் வந்தவர்களில் நிறையப் பேர் பித்தப்பைக் கல்லையும் சிறுநீரகக் கல்லையும் ஒன்றாக நினைக்கிறார்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்தேன், பொல்பலா அவித்துக் குடித்தேன், தண்ணீர் வாளி வாளியாய்க் குடித்தேன், இன்னும் கல் விழவில்லை என்கிறார்கள். எப்படி விழும்? பித்தப்பைக்கும் சிறுநீர் வரும் வழிக்கும் தொடர்பே இல்லை. சிறுநீரகத்தில் உள்ள சின்னக் கல் சிறுநீரோடு இறங்கிப் போகலாம், அது உண்மை. பித்தப்பைக் கல் அப்படிப் போகாது. அது வெளிக்கிட்டால் போவது பித்தக்குழாய்க்குள். அங்கே போய் மாட்டிக்கொண்டால்தான் ஆபத்தே தொடங்குகிறது. மச்சானுக்குக் கல் கரைந்தது, மைத்துனருக்குக் கல் விழுந்தது என்று யாராவது சொன்னால் முதலில் கேளுங்கள்: எந்தக் கல்?

சரி, வெட்டவும் வேண்டாம், கரைக்கவும் வேண்டாம் என்று சொன்னோமே, அவர்கள் யார்? கல் இருந்தும் நோவு இல்லாதவர்கள். வேறு ஏதோ காரணத்துக்கு ஸ்கேன் எடுத்திருப்பார்கள், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பார்த்திருப்பார்கள், அறிக்கையில் கல் என்று வந்திருக்கும். அன்றிரவிலிருந்து நித்திரை இல்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இப்படி நோவில்லாத கல் உள்ள 123 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1982 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 20 ஆண்டுகளில் அவர்களில் 18 வீதமானவர்களுக்குத்தான் நோவு வந்தது. அதாவது 5 பேரில் 4 பேர் கல்லோடேயே நிம்மதியாக வாழ்ந்தார்கள். அவர்களெல்லாம் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள், பெரும்பாலும் ஆண்கள், கொழுந்துக் கூடை சுமக்கிறவர்கள் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனாலும் அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இதே பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. ஆகவே இன்று உலகம் முழுவதும் வைத்தியர்கள் நோவில்லாத கல்லை அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். விதிவிலக்கு உண்டு. கல் 3 சென்ரிமீற்றருக்கு மேலிருந்தால், பித்தப்பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால், அவர்கள் வேறு மாதிரி யோசிப்பார்கள். கர்ப்ப காலத்தில் தெரிந்த மண்டியும் சின்னக் கல்லும் பிள்ளை பிறந்த பிறகு தானாகவே மறைந்துபோவதும் உண்டு. அதனால் கல் என்ற சொல்லைக் கேட்டதும் காதில் கிடப்பதைக் கழற்றி அடகு வைக்க ஓட வேண்டாம்.

நோவு வந்தவர்களின் கதை வேறு. அந்த நோவை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நம் நாட்டில் மேல்வயிற்று நோவுக்கெல்லாம் ஒரே பெயர், கேஸ்ட்ரைட்டிஸ். கல் நோவு நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ பிடிக்கும். வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் ஏறும். அரை மணித்தியாலத்திலிருந்து சில மணித்தியாலம் நிற்கும். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகும், இரவு படுத்த பிறகும் கூடுதலாக வரும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல் விட்டுப்போகும். கேஸ்ட்ரைட்டிஸ் குளிசை போட்டதால்தான் விட்டது என்று நினைத்துக்கொண்டு மறுநாள் மலைக்குப் போய்விடுவோம். இப்படியே வருடக்கணக்கில் வெள்ளைப் பாணி மருந்து குடித்தவர்கள் இருக்கிறார்கள். விட்டு விட்டு இப்படி நோவு வந்தால் ஒரு ஸ்கேன் கேளுங்கள். ஆறு முதல் எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் போக வேண்டும். வேறு கஷ்டம் எதுவுமில்லை. கதிர்வீச்சும் இல்லை.

நோன்பு காலத்தைப் பற்றி இங்குள்ள ஒரு தாய் வந்தவுடனேயே கேட்டார். பகல் முழுக்க வயிறு வெறுமையாக இருந்து, மஃரிபுக்குப் பிறகு சமோசாவும் ரோல்ஸும் ஒரேயடியாக இறங்கினால், கல் உள்ள பை இறுகிச் சுருங்கும். நோவு பிடிக்க அது போதும். நோன்புக் கஞ்சியோடும் பழத்தோடும் தொடங்கிப் பொரித்ததைக் குறைப்பது நல்லது. அடிக்கடி நோவு வருபவர்கள் நோன்புக்கு முன் வைத்தியரைக் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதை உங்கள் ஊர் ஆலிம்கள் எங்களை விட அழகாகச் சொல்வார்கள். தோட்டத்திலும் இதே கதைதான். விடிய ஒரு பிளேன்ரியோடு மலைக்குப் போய், மத்தியானம் வரை வெறும் வயிறு. சாப்பாட்டு நேரம் நீண்டு போனால் பித்தநீர் தேங்கிக் கிடக்கும். நேரத்துக்குச் சாப்பிடுவதும் எண்ணெயைக் குறைப்பதும் நோவைக் குறைக்கலாம். இருக்கிற கல்லை அது கரைக்காது. உடம்பு மெலிய வேண்டும் என்று பட்டினி கிடந்து வேகமாக நிறையைக் குறைப்பவர்களுக்குப் புதிதாகக் கல் உண்டாவதும் உண்டு.

இனி கரைக்கும் குளிசைக்கு வருவோம். இது பொய் இல்லை, உண்மையான மருந்து. பெயர் உர்சோ டிஒக்சிகோலிக் அமிலம். உர்சஸ் என்றால் லத்தீன் மொழியில் கரடி. சீனாவிலும் ஜப்பானிலும் கரடியின் பித்தத்தைக் காயவைத்து மருந்தாகப் பல நூற்றாண்டுகள் பாவித்தார்கள். 1927 இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷோடா கரடியின் பித்தத்திலிருந்து இந்த அமிலத்தைத் தனியே பிரித்து இந்தப் பெயரை வைத்தார். 1972 இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் வைத்தியர்கள் இதற்கு அண்ணன் தம்பி முறையான இன்னொரு பித்த அமிலத்தைக் கொடுத்துக் கல்லைக் கரைக்கலாம் என்று காட்டினார்கள். அது வயிற்றோட்டத்தைக் கொடுத்தது, ஈரலுக்கும் ஒத்துவரவில்லை. பிறகு கரடிப் பெயர் கொண்ட மருந்தே நிலைத்தது. பானமைக் காட்டுக் கரடிகள் பயப்பட வேண்டியதில்லை. இன்று தொழிற்சாலையில் பெரும்பாலும் மாட்டின் பித்தத்திலிருந்து எடுத்த அமிலத்தை மாற்றித்தான் இதைச் செய்கிறார்கள். ஹலாலா என்று கேட்பவர்களும், மாடு என்றால் வேண்டாம் என்பவர்களும் இரண்டு பக்கத்திலும் இருப்பார்கள் என்பதால் மறைக்காமல் சொல்கிறோம். வைத்தியரிடமும் பாமசியிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் குளிசை எந்தக் கல்லைக் கரைக்கும்? கொலஸ்ட்ரோலால் ஆன கல்லை மட்டும். அதுவும் 1 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும், சின்னதாக இருக்க இருக்க நல்லது. கல்லில் சுண்ணாம்பு ஏறியிருக்கக் கூடாது. பித்தப்பை நன்றாகச் சுருங்கி விரிய வேண்டும், குழாய் அடைபட்டிருக்கக் கூடாது. இத்தனையும் பொருந்தினாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை நாள் தவறாமல் விழுங்க வேண்டும். எல்லோருக்கும் கரைவதில்லை. கரைந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 5 ஆண்டுக்குள் கல் திரும்பவும் வருகிறது. காரணம் எளிது. கல்லைச் செய்த பை அங்கேயே இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். உடம்பு நிறை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 50 கிலோ உள்ள ஒரு அக்காவுக்கு 500 மில்லிகிராம், அதாவது 250 மில்லிகிராம் குளிசை இரண்டு. இரண்டு வருடத்துக்கு 1,460 குளிசை. பாமசியில் ஒரு குளிசையின் விலையைக் கேட்டு 1,460 ஆல் பெருக்கிப் பாருங்கள். பிறகு கல் திரும்பி வர உள்ள வாய்ப்பையும் நினைத்துப் பாருங்கள். சத்திரசிகிச்சை தாங்காத உடம்பு உள்ளவருக்கும், வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்தவருக்கும், கல் பொருந்தினால் இது ஒரு வழி. பக்கத்து லயத்து அக்காவுக்கு எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டி வாங்குகிற மருந்து இது இல்லை.

கல்லில் மூன்று வகை உண்டு. மஞ்சள் நிறக் கொலஸ்ட்ரோல் கல், கறுப்பு நிறமிக் கல், பழுப்பு நிறமிக் கல். இரத்தத்தின் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடையும்போது கறுப்புக் கல் உண்டாகும். தலசீமியா உள்ள பிள்ளைகளுக்குக் கல் வருவது இதனால்தான். பித்தக்குழாயில் கிருமி தங்கினால் பழுப்புக் கல். கறுப்பையும் பழுப்பையும் கரடிக் குளிசை தொடாது.

இதில் தொழிலாளர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. இந்திய ரயில்வேயில் வைத்தியராக இருந்த மல்ஹோத்ரா, ரயில்வேத் தொழிலாளர்களின் நோய்களை ஒப்பிட்டுப் பார்த்து 1968 இல் எழுதினார். பித்தப்பைக் கல் நோய் தென்னிந்தியத் தொழிலாளரை விட வட இந்தியத் தொழிலாளரிடையே 7 மடங்கு கூடுதலாக இருந்தது. ஒரே கம்பனி, ஒரே ரயில், சாப்பாடும் ஊரும் வேறு. கல்லின் வகையிலும் வித்தியாசம் உண்டு. வடக்கில் கொலஸ்ட்ரோல் கல் கூடுதல், தெற்கில் நிறமிக் கல்லின் பங்கு கூடுதல் என்று இந்தியாவில் பல ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் பாட்டன் பூட்டன் எந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மன்னார்க் காடு தாண்டி நடந்து வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காக எங்கள் கல்லெல்லாம் கறுப்புத்தான் என்று சொல்ல வரவில்லை. சாப்பாடும் மாறிவிட்டது, உடம்பும் மாறிவிட்டது. வெள்ளைக்காரருக்குக் கரைந்தது நமக்கும் அதே அளவுக்குக் கரையும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, கலீர் கலீர் என்று கல் விழுந்ததாகச் சொல்லும் எண்ணெய் வைத்தியம். ஒலிவ் எண்ணெய், அதாவது இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் ஸைத்தூன் எண்ணெய், அதோடு தேசிக்காய்ப் புளி, சிலர் பேதி உப்பும் சேர்ப்பார்கள். இரவில் கோப்பைக் கணக்கில் குடித்தால் காலையில் மலத்தோடு பச்சைப் பச்சையாக உருண்டைகள் விழும். கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்து அனுப்புகிறார்கள். பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

நியூசிலாந்தின் ஹமில்டன் நகரில் 40 வயதுப் பெண் ஒருவர் இப்படி விழுந்த உருண்டைகளைச் சேர்த்துக் குளிரூட்டியில் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். அவர்கள் சிரித்து அனுப்பிவிடாமல் ஆய்வுகூடத்தில் சோதித்தார்கள். 2005 இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. உருண்டைகளில் கொலஸ்ட்ரோலும் இல்லை, பித்த நிறமியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. முக்கால்வாசி கொழுப்பமிலம். 40 பாகை சூட்டில் பத்து நிமிடத்தில் பச்சை எண்ணெயாக உருகிப்போயின. குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் தேசிக்காய்ப் புளியோடு சேர்ந்து சவர்க்காரம் போல் கட்டியாகி வந்திருக்கிறது. கல் அசையவே இல்லை. உங்களுக்கும் சோதிக்க வழி உண்டு. விழுந்தது கல்லா இல்லையா என்று சண்டை வேண்டாம். மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்து, முன்னைய அறிக்கையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஸைத்தூன் எண்ணெயை நாம் குறை சொல்லவில்லை. அது நல்ல உணவு, மார்க்கத்தில் மதிப்புள்ள பொருள். உணவாகக் கொஞ்சம் சேர்ப்பது வேறு, கல் உள்ளவர் ஒரே மூச்சில் கோப்பை கோப்பையாகக் குடிப்பது வேறு. அவ்வளவு எண்ணெய் இறங்கினால் பை முழுப் பலத்தோடு சுருங்கும். சின்னக் கல் குழாய்க்குள் தள்ளுப்பட்டு மாட்டிக்கொள்ளலாம்.

எங்கள் அங்கத்தவர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம், பெயரும் தோட்டமும் வேண்டாம். கொழுந்து பறிக்கும் தாய். கல் கரைக்கும் சூரணம் என்று பஸ் தரிப்பிடத்தில் ஒருவர் விற்றதை ஏழு மாதம் வாங்கிச் சாப்பிட்டார். சீட்டுக் காசு போனது, தோடு அடகுக்குப் போனது. கடைசியில் காய்ச்சல் நடுக்கத்தோடு கண் மஞ்சளாகி, கொழுந்து லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். உயிர் தப்பினார். ஆனால் முதல் மாதமே கிளினிக்குக்குப் போயிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும் விசயத்துக்கு மூன்று வாரம் வாட்டில் கிடந்தார். ஆயுர்வேத வைத்தியர்களை இதில் சேர்க்க வேண்டாம். பதிவுபெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள், நிந்தவூரில் அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலையே இருக்கிறது. அங்கே போகிறவர்கள் ஸ்கேன் அறிக்கையைக் காட்டுங்கள், இரண்டு பக்கத்து மருந்தையும் இரண்டு பக்கத்துக்கும் சொல்லுங்கள். பெயரும் இல்லாமல், துண்டும் தராமல், போத்தலை மட்டும் தருகிறவரிடம்தான் கவனம்.

கல்லை மெஷினால் உடைக்கலாமே என்பார்கள். சிறுநீரகக் கல்லுக்கு அது நடக்கிறது. பித்தப்பைக் கல்லுக்கும் 1985 இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் அதிர்வலையால் உடைத்துப் பார்த்தார்கள். உடைந்த துண்டுகள் குழாய்க்குள் இறங்கின, கரைக்கும் குளிசையும் கூடவே போட வேண்டியிருந்தது, கல்லும் திரும்பி வந்தது. இன்று அதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

வெட்டாமல் செய்யும் ஒரு முறை மட்டும் நன்றாக நிலைத்திருக்கிறது. கல் பித்தக்குழாயில் மாட்டினால் வாய் வழியாகக் கமரா உள்ள குழாயை விட்டு, குழாயின் வாசலைத் திறந்து, கல்லை இழுத்தெடுப்பார்கள். ஈ.ஆர்.சி.பி. என்பார்கள். பெரிய வைத்தியசாலைகளில்தான் செய்வார்கள், எழுதி அனுப்புவார்கள். ஆனால் அது குழாயில் உள்ள கல்லுக்கு மட்டும். பைக்குள் உள்ள கல் அப்படியே இருக்கும். அதனால் பிறகு பையையும் எடுக்கச் சொல்வது வழக்கம்.

நோவு திரும்பத் திரும்ப வருகிறவருக்கு வைத்தியர் சொல்லும் வழி பையை எடுப்பதுதான். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். 1882 இல் பெர்லினில் லாங்கன்புக் என்ற வைத்தியர் முதன்முதல் பையையே எடுத்தபோது இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொன்னார். கல் இருப்பதால் மட்டுமல்ல, பை கல்லைச் செய்வதால் எடுக்கிறேன் என்பது அவர் வாதம். நூறு வருடம் கழித்து, 1985 செப்டம்பர் 12 அன்று ஜேர்மனியின் எரிக் மூஹே என்ற வைத்தியர் சின்னத் துளைகள் வழியே அதே பையை எடுத்துக் காட்டினார். இப்போது நான்கு சின்னத் துளை, ஓரிரு நாளில் வீடு. பை இல்லாமல் வாழலாமா? வாழலாம். ஈரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும், நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குக் கொஞ்ச நாள் மலம் இளகிப் போகும். ஆயுள் முழுக்கப் பத்தியம் கிடையாது. எந்தச் சத்திரசிகிச்சைக்கும் ஆபத்து உண்டு, இதற்கும் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையொப்பம் வைக்க வேண்டும். துண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் மொழியும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறோம். தோட்டத்து ஆட்களுக்குக் கத்திக்குப் பயம், படிப்பறிவு இல்லை, அதனால்தான் சூரணத்தின் பின்னால் போகிறார்கள் என்று சிலர் பேசுகிறார்கள். நாங்கள் கேட்டுப் பார்த்தோம். பிள்ளை பெற வயிற்றை வெட்டிய தாய்மார் கத்திக்குப் பயப்படுகிறார்களா? அவர்கள் பயப்படுவது பேருக்கு. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. துளை போட்டுச் செய்தாலும் ஒரு வாரம் இரண்டு வாரம் ஓய்வு, பாரம் தூக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வயிற்றைத் திறந்து செய்தால் இன்னும் கூட. தலையில் கயிறு மாட்டி முதுகில் பாரத்தோடு செங்குத்து மலையில் ஏறுகிறவருக்கு "இலேசான வேலை" என்றால் என்ன? காரியாலயத்தில் இருப்பவர் மூன்றாம் நாள் கதிரையில் போய் உட்காரலாம். இவர் எங்கே உட்காருவது? அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இலவசச் சத்திரசிகிச்சையைச் செய்துகொள்ளவும் ஆறு வாரச் சம்பளம் வேண்டியிருக்கிறது. போத்தல் விற்கிறவருக்கு இது தெரியும். "வேலைக்குப் போய்க்கொண்டே குடிக்கலாம்" என்றுதான் அவர் விற்கிறார்.

அதனால்தான் இந்தப் பேச்சு சங்கத்தின் பேச்சு. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைத்தியர் எழுதும் ஓய்வு நாட்களுக்குக் கொடுப்பனவு, பாரம் தூக்காத வேலை, கிளினிக் நாளுக்குத் தோட்ட வாகனம் ஆகிய மூன்றையும் தோட்ட நிர்வாகங்களிடம் எழுத்தில் கேட்கப் போகிறோம். அதற்கு உங்கள் வைத்தியத் துண்டுகள் வேண்டும். ஓய்வு எத்தனை நாள், என்ன வேலை செய்யக் கூடாது என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதைத் துரையிடம் காட்ட முடியாது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் வைத்தியசாலையில் தங்கும் அங்கத்தவர்களுக்கு உதவித் திட்டம் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று தலைவர் மூலம் கேட்டுப் பாருங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரத்தை எல்லோரும் மனதில் வையுங்கள், வீட்டில் உள்ள ஐயா அம்மாவுக்கும் சொல்லுங்கள். நோவோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்து மலம் வெளிறினால், நோவு ஐந்தாறு மணித்தியாலமாகியும் விடாவிட்டால், வாந்தி நிற்காவிட்டால், அது கிளினிக் நாள் வரை பொறுக்கும் விசயம் இல்லை. கல் குழாயை அடைத்திருக்கலாம், கணையம் வீங்கியிருக்கலாம். சீனி வருத்தம் உள்ளவருக்கும் வயதானவருக்கும் இன்னும் வேகமாக முற்றும். மஞ்சள் காமாலைக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அது ஏற முடியாத பாதை என்றால் எந்தச் சந்திக்குக் கொண்டு வருவது என்று தொலைபேசியிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சாதாரண நோவென்றால் இந்தப் பக்கத்தார் அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலை, கல்முனை வடக்கு, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஆகியவற்றின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போகலாம். மலையில் உள்ளவர்கள் டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி. முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதி வாங்குங்கள்.

ஸ்கேன் அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும். "கோலிலிதியாசிஸ்" என்று இருந்தால் பித்தப்பையில் கல். "ஸ்லட்ஜ்" என்றால் மண்டி. "வோல் திக்கன்ட்" என்றால் பையின் சுவர் தடித்திருக்கிறது. "சி.பி.டி. டைலேட்டட்" என்றால் பித்தக்குழாய் விரிந்திருக்கிறது, அதை அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். பக்கத்தில் "எம்.எம்." என்று உள்ள எண்தான் கல்லின் அளவு. வைத்தியரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். என் நோவு இந்தக் கல்லால்தானா? இப்போதைக்கு விட்டுவைக்கலாமா? என் கல் குளிசைக்குக் கரையும் வகையா? எடுப்பதென்றால் துளை போட்டா, திறந்தா, எத்தனை நாள் ஓய்வு?

அறிக்கை கொண்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஐந்து பேர் பின்பக்க மேசையில் இருக்கிறார்கள். அறிக்கையை வாசித்துத் தமிழில் எழுதித் தருவார்கள். மருந்து சொல்ல மாட்டார்கள், கேட்க வேண்டாம். மலைக்குத் திரும்பும் பஸ் நான்கு மணிக்குப் புறப்படும், அதற்கு முன் வரிசையில் வயதானவர்களை முதலில் விடுங்கள்.